பழைய மாதா படம், திருஇருதயப் படம்: வயதும் மதிப்பும் பார்ப்பது எப்படி?

கொடைக்கானலில் பழைய கத்தோலிக்க வீடு எதில் நுழைந்தாலும் முதலில் எதிரே நிற்பது இயேசுவின் திருஇருதயப் படம்தான். சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி மாட்டியிருப்பார்கள். கீழே சின்னப் பலகையில் சிவப்பு சீரோ பல்பு எரியும். வீட்டை இடித்துக் கட்டும்போதோ, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போதோ அந்தப் படம் கீழே இறங்குகிறது. அப்போதுதான் எங்கள் கடைக்கு வருவார்கள். மூஞ்சிக்கல்லில் என் அப்பா தொடங்கிய, படங்களுக்குச் சட்டம் போடும் கடை அது. "தம்பி, இது எங்க பாட்டி கல்யாணத்துக்கு வந்த படம். நூறு வருஷம் இருக்குமா? ஏதாவது விலை போகுமா?"

அந்தக் கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை முழுதாக எழுதிவைக்கிறேன். குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும். இரண்டு மலையிலும் பிரெஞ்சு சாமியார்கள் ஊழியம் செய்தார்கள், இரண்டு மலையிலும் ஈரம் அதிகம். படங்கள் வந்த வழியும் கெட்டுப்போகும் விதமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் முகத்தை மட்டும் பார்த்து வயது சொல்லவே முடியாது. இன்று நம் வீடுகளில் இருக்கும் திருஇருதயப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம், பொம்பேயோ பத்தோனி 1767-இல் வரைந்த ஓவியம். ரோமில் சேசு சபையாரின் ஜேசு கோவிலில் இருக்கிறது. அதையே பார்த்துப் பார்த்து வரைந்து, கல்லச்சில் (கல்லின்மேல் வரைந்து அச்சடிப்பது) அடித்து, பிளாக் (மேடாக எழுப்பிய உலோகக் கட்டை) போட்டு அடித்து, ஆப்செட்டில் (ரப்பர் உருளை வழியாக அச்சடிக்கும் பிற்கால முறை) அடித்து, இன்றைக்கும் சிவகாசி காலண்டரில் அடிக்கிறார்கள். முகம் பழசாக இருப்பதற்கும் காகிதம் பழசாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. வயது முதுகில் இருக்கிறது, காகிதத்தில் இருக்கிறது, மைப்புள்ளியில் இருக்கிறது.

தொடும் முன்பு

சுவரில் இருக்கும்போதே ஒரு போட்டோ எடுங்கள். இறக்கிய பிறகு முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை, கொக்கி, கம்பி என்று எல்லாவற்றையும் எடுங்கள். சட்டத்தைப் பிரித்த பிறகு பழையபடி எது எங்கே இருந்தது என்று நினைவில் இருக்காது.

வேண்டிய சாமான் அதிகமில்லை. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, டார்ச், அளவு நாடா, மென்மையான பெயிண்ட் பிரஷ், கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு, சுத்தமான துண்டு ஒன்று. கையுறை தேவையில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும். உறை போட்ட விரலுக்குக் காகிதத்தின் விளிம்பு தெரியாது, கிழித்துவிடும். பூசணம் கண்ணுக்குத் தெரிந்தால் மாஸ்க் கட்டிக்கொண்டு வெளித் திண்ணையில் வைத்துப் பாருங்கள்.

ஈரத்துணி, கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே, ரப்பர் எதையும் இந்தக் கட்டத்தில் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

படத்தில் இருப்பது யார்?

இதைத் தவறாகச் சொன்னால் மற்றதெல்லாம் தவறிவிடும். மாதா படம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் எந்த மாதா என்பதிலேயே ஒரு தேதி ஒளிந்திருக்கிறது. ஒரு பக்தி பிறப்பதற்கு முன்னால் அதன் படம் பிறந்திருக்க முடியாது.

எங்கள் ஊர் சலேத் மாதாவையே எடுத்துக்கொள்வோம். பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்ற இடத்தில் 1846 செப்டம்பர் 19 அன்று மெலானி, மாக்சிமின் என்ற ஆடு மாடு மேய்க்கும் இரண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி தந்தார். 1860-களிலேயே கொடைக்கானலில் அவர் பெயரால் கோவில் எழும்பிவிட்டது. அந்த மாதாவை எப்படி அடையாளம் காண்பது? மார்பில் தொங்கும் சிலுவையைப் பாருங்கள். சிலுவையின் ஒரு கையில் சுத்தியல், மறு கையில் குறடு இருக்கும். தலையில் உயரமான முக்காடும் ரோஜாச் சரமும், இடுப்பில் முன்துணியும் இருக்கும். சில படங்களில் பாறைமேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடி அழுவார். இதைப் பலர் வியாகுல மாதா என்று எண்ணிவிடுகிறார்கள். வியாகுல மாதாவுக்கு நெஞ்சில் வாள் இருக்கும், சலேத் மாதாவுக்கு இருக்காது.

லூர்து மாதாவுக்கு வெள்ளை உடை, நீல இடைக்கச்சை, இரண்டு பாதத்திலும் மஞ்சள் ரோஜா. காட்சி 1858-இல். கெபியின் (குகையின்) கீழே முழந்தாளிட்டிருக்கும், காட்சி கண்ட சிறுமி பெர்னதெத்தின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போட்டு, "புனித" என்றும் எழுதியிருந்தால், அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்த 1933-க்குப் பிந்தைய அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாத்திமா மாதா என்றால் 1917-க்கு முன்னால் போக வழியே இல்லை. இடைவிடா சகாய மாதா படத்தில் குழந்தையின் ஒரு செருப்பு கழன்று தொங்கும். மூல ஓவியம் மிகப் பழையது, ஆனால் 1866-இல் ஒன்பதாம் பத்திநாதர் அதை இரட்சகர் சபையாரிடம் ஒப்படைத்த பிறகுதான் அதன் அச்சுப் படங்கள் உலகம் முழுக்கப் பரவின. வேளாங்கண்ணி மாதா படத்தில் பசிலிக்கா (பாப்பரசர் தரும் பேராலயப் பட்டம்) என்ற சொல் இருந்தால் 1962-க்குப் பிறகு அடித்தது.

புனிதர்களும் அப்படித்தான். சிறுமலர் தெரேசாள் 1923-இல் முத்திப்பேறு பெற்றவரானார் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி), 1925-இல் புனிதரானார். அருளானந்தர் 1853-இல் முத்திப்பேறு, 1947-இல் புனிதர். படத்தின் கீழே எந்தப் பட்டம் எழுதியிருக்கிறது என்று பார்த்தால் அச்சான காலம் ஒரு வேலிக்குள் வந்துவிடும். அந்தோணியார், சூசையப்பர், சவேரியார், செபஸ்தியார் ஆகியோரிடம் இந்த வழி செல்லாது. அவர்கள் நூற்றாண்டுகளாகப் புனிதர்கள்.

பாப்பரசர் படம் ஓரத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். பதின்மூன்றாம் சிங்கராயர் 1878 முதல் 1903 வரை, பதினோராம் பத்திநாதர் 1922 முதல் 1939 வரை, பன்னிரண்டாம் பத்திநாதர் 1939 முதல் 1958 வரை. ஆட்சியில் இருந்த பாப்பரசரைத்தான் பொதுவாகப் போடுவார்கள்.

கீழே எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

சட்டத்தின் காடிக்குள் (கண்ணாடியும் படமும் உட்காரும் உள்வெட்டு) மறைந்திருக்கும் அரை அங்குல ஓரத்தில்தான் அச்சகத்தின் பெயர் இருக்கும். பாரிஸின் புவாஸ் லெபெல், ஸ்விட்சர்லாந்தில் ஐன்சீடெல்ன் ஊரின் பென்சிகர், ஜெர்மனியின் குய்லன், மிலான் நகரத்து பொனெல்லா சகோதரர்கள் என்பவை பக்திப் படங்களில் பேர்போன பெயர்கள். பிரெஞ்சில் "தெபோஸே" என்று இருந்தால் பதிவு செய்த படம் என்று பொருள், அது தேதி அல்ல. நாட்டின் பெயர் நல்ல தடயம். 1887-இல் பிரிட்டனில் வந்த வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகு, பிரிட்டிஷ் சந்தைக்கு வரும் வெளிநாட்டுச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று போடும் வழக்கம் பரவியது. "மேற்கு ஜெர்மனி" என்றால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில்.

தமிழில் எழுதிய படம் கிடைத்தால் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். வெளிநாட்டுக்காரர் யாராலும் செய்ய முடியாத கணக்கு இது, நம்மால்தான் முடியும். "அர்ச். சூசையப்பர்" என்றோ "அர்ச்சியசிஷ்ட" என்றோ இருந்தால் பழைய கத்தோலிக்கத் தமிழ். "சேசு", "சேசு மரி சூசை", "சம்மனசு", "மேற்றிராணியார்", "மேற்றிராசனம்" எல்லாம் அந்தக் காலத்தவை. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு இவை மெல்ல மெல்ல "புனித", "இயேசு", "வானதூதர்", "ஆயர்", "மறைமாவட்டம்" என்று மாறின. ஒரே நாளில் மாறவில்லை, ஆகவே இதைத் தனிச் சாட்சியாக வைக்கக் கூடாது.

அப்புறம் எழுத்தின் வடிவத்தைப் பாருங்கள். லை, னை, ணை, ளை ஆகியவற்றில் யானைத் துதிக்கை போல மேலே வளைந்த பழைய கொம்பு இருக்கிறதா? ணா, றா, னா ஒட்டிச் சுழித்த பழைய உருவில் இருக்கிறதா? 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சில அச்சகங்கள் கையிலிருந்த பழைய அச்செழுத்தையே அப்புறமும் சில வருஷம் ஓட்டின. என்றாலும் பழைய "னை"யும் "அர்ச்."சும் சேர்ந்து வந்தால், எனக்கு அது போதுமான நம்பிக்கையைத் தரும்.

குடும்பத்தைத் திருஇருதயத்துக்கு ஒப்புக்கொடுத்த சான்றிதழாகவே அமைந்த படங்களும் உண்டு. கீழே குடும்பத் தலைவர் பெயர், பிள்ளைகள் பெயர், தேதி, சாமியார் கையெழுத்து ஆகியவற்றுக்குக் கோடு போட்டிருக்கும். இந்தச் சடங்கை மத்தேயோ கிராலி என்ற குருவானவர் 1907 முதல் பரப்பினார். கையால் எழுதிய தேதி இருந்தால் அதைவிட மேலான சாட்சி கிடையாது. மேற்றிராசனத்தின் பெயரையும் பாருங்கள். மதுரை 1938-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது, உதகை மறைமாவட்டம் 1955-இல்தான் உருவானது.

லென்ஸ் வைத்துப் பார்ப்பது

வேலையின் மையமே இதுதான். படம் கையால் வரைந்ததா, கல்லச்சா, பிளாக்கா, ஆப்செட்டா, நேற்று அடித்த பிரிண்ட் அவுட்டா என்பதை லென்ஸ் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். எங்கே வைப்பது? கன்னத்தில் வையுங்கள். சதை நிறம்தான் அச்சடிப்பவருக்குக் கடினமான இடம், அங்கேதான் அவருடைய தொழில் வெளியே தெரியும்.

நாயுடுபுரத்து வீடு ஒன்றிலிருந்து வந்த சலேத் மாதா படத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கன்னத்தின் அடியில் வெளிர் சந்தன நிறம் ஒரே சீராகப் படர்ந்திருந்தது. அதன்மேல் ரோஸ் நிறப் புள்ளிகள். ஒரு புள்ளி கடுகளவு என்றால் பக்கத்துப் புள்ளி அதில் பாதி. இடைவெளியும் சமமில்லை. கண்ணுக்குக் கீழே நெருக்கமாகி, தாடையை நோக்கிப் போகப் போக விலகி, ஒளி விழும் இடத்தில் நின்றுவிட்டன. யாரோ ஒருவர் கல்லின்மேல் குனிந்து, பேனா முனையால் ஒவ்வொரு புள்ளியாக வைத்திருக்கிறார் என்பது அப்படியே தெரிந்தது. நீல முக்காட்டின் விளிம்பில் நீலம் கோட்டைத் தாண்டி மயிரிழை அளவு வெளியே வந்திருந்தது. ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று பத்துப் பன்னிரண்டு கல்லில் மாற்றி மாற்றி அடிக்கும்போது இப்படி நகரும். இதுதான் பல நிறக் கல்லச்சு. 1837-இல் எங்கல்மான் பிரான்சில் காப்புரிமை வாங்கிய முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உச்சத்தில் இருந்தது.

அதே நாள் வந்த திருஇருதயப் படத்தில் லென்ஸை வைத்தேன். புள்ளிகள் பள்ளிக்கூட வரிசை போலச் சமமாக நின்றன. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு கலர்ப் புள்ளிகளும் சேர்ந்து சின்னச் சின்னப் பூ வளையமாகத் தெரிந்தன. அது ஆப்செட். அந்த அம்மா நூறு வருஷம் என்று நம்பிக்கொண்டிருந்த படம், அவர் பிறந்த பிறகு அடித்தது.

பிளாக் போட்டு அடித்ததிலும் வரிசைப் புள்ளிதான் இருக்கும். ஆனால் அழுத்தி அடித்ததால் ஒவ்வொரு புள்ளியின் ஓரத்திலும் மை பிதுங்கி, நடுவைவிட விளிம்பு கறுத்திருக்கும். கீழே இருக்கும் எழுத்தைப் பின்பக்கமிருந்து தடவினால் விரலுக்கு மேடு தட்டுப்படும். வார்னிஷ் பூசி, கான்வாஸ் துணி போலச் சொரசொரப்பு ஏற்றிய கல்லச்சுக்கு ஓலியோகிராப் என்று பெயர். எண்ணெய் வண்ண ஓவியம் என்று நினைத்து ஏமாறுவது இதில்தான் அதிகம். நூல் பின்னல் போலத் தெரியும் சொரசொரப்பு, தூரிகையின் இழுப்போடு சம்பந்தமில்லாமல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல ஓடினால் அது அச்சுதான். புள்ளியே இல்லாமல் நிறத் தூசி தெளித்த மாதிரி மங்கலாக இருந்தால் இன்றைய இங்க்ஜெட்.

காகிதத்தை வெளியே எடுத்த பிறகு, இருட்டறையில் ஊதா விளக்கைக் காட்டுங்கள். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து காகிதம் பளிச்சென்று தெரிய ஒரு ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். அது இருந்தால் காகிதம் சலவை வேட்டி போல நீல வெள்ளையாக ஒளிரும். ஒளிர்ந்தால் பழைய கல்லச்சு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒளிராவிட்டால் அதை மட்டும் வைத்துப் பழசு என்று சொல்லக் கூடாது, எல்லாக் காகிதத்திலும் அதைச் சேர்ப்பதில்லை.

முதுகு

துண்டை விரித்து, படத்தைக் குப்புற வையுங்கள். பின்னால் ஒட்டிய பழுப்புக் காகிதத்தை உடனே கிழிக்க வேண்டாம். அதில் கடையின் லேபிள் இருக்கலாம். லேபிளில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிறகு. "கொடைக்கானல், மதுரை ஜில்லா" என்றிருந்தால், திண்டுக்கல் தனி மாவட்டமான 1985-க்கு முன்பு. விலையைப் பென்சிலில் 1-8-0 என்று ரூபாய், அணா, பை கணக்கில் குறித்திருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முன்பு.

காகிதத்துக்கு அடியில் செய்தித்தாள் வைத்திருப்பார்கள். தேதி இருந்தால் சரி. இல்லாவிட்டாலும் எந்தப் பத்திரிகை என்று பாருங்கள். தினமணி 1934-இல் தொடங்கியது, தினத்தந்தி 1942-இல். ஆனால் இது சட்டம் போட்ட தேதிக்குச் சாட்சி, படத்தின் தேதிக்கு அல்ல. பழைய படத்துக்குப் புதுச் சட்டமும், பழைய சட்டத்துக்குப் புதுப் படமும் எங்கள் தொழிலில் தினமும் நடப்பது.

அப்படியானால் படமும் சட்டமும் ஆதிமுதல் ஒன்றாக இருந்தனவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பின்பலகையில் மரக்கணு இருந்தால், அதன் பிசின் பல வருஷத்தில் காகிதத்தின் முதுகில் பழுப்பு நிழலாக இறங்கியிருக்கும். பலகையைக் காகிதத்தின்மேல் பழையபடி வைத்துப் பாருங்கள். கணுவும் நிழலும் நேருக்கு நேர் பொருந்தினால் இரண்டும் வெகுகாலம் சேர்ந்து வாழ்ந்திருக்கின்றன. பலகைகளின் இடுக்கு இருந்த இடத்திலும் கோடு கோடாகப் பழுத்திருக்கும். முன்பக்கம், காடிக்குள் மறைந்திருந்த ஓரம் மட்டும் நிறம் மங்காமல் இருக்கும். அந்த ஓரத்தின் அகலம் இப்போதைய காடியோடு பொருந்தவில்லை என்றால் சட்டம் மாறியிருக்கிறது.

மரத்தையும் கவனியுங்கள். தேக்கு, ஈட்டி மரச் சட்டங்களுக்குத் தனி மதிப்பு உண்டு, சில சமயம் உள்ளே இருக்கும் படத்தைவிட அதிகம். எஸ்டேட் வீடுகளிலிருந்து வரும் படங்களில் தேயிலைப் பெட்டியின் பிளைவுட்டை அறுத்துப் பின்பலகையாக வைத்திருப்பார்கள். பெட்டியில் அடித்த எஸ்டேட் முத்திரையின் பாதி எழுத்து அப்படியே இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு புது ஹார்ட்போர்டு அடிக்காதீர்கள். அந்தப் படம் எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), எந்தப் பங்களாவில் தொங்கியது என்பதற்கு அதுவே பத்திரம். காகிதத்தைத் தொடாதபடி நடுவில் நல்ல அட்டை ஒன்றைக் கொடுத்து, பலகையைப் பின்னால் திரும்ப வைத்துவிடலாம்.

கண்ணாடியைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ஜன்னல் கம்பியின் பிம்பம் நெளிந்தால், உள்ளே சிறு குமிழி இருந்தால் பழைய கண்ணாடி. உருகிய தகரத்தின்மேல் மிதக்கவிட்டு நெளிவில்லாமல் செய்யும் முறை 1959-இல்தான் இங்கிலாந்தில் அறிமுகமானது, நம் ஊர்க் கடைகளுக்கு வர இன்னும் பல வருஷம் ஆயிற்று.

பலகையின் முதுகில் காப்பிப் பென்சிலால் (எளிதில் அழியாத மைப் பென்சில்) எழுதிய ஞானஸ்நானத் தேதி, கல்யாணத் தேதி, இறந்தவர் பெயர் இருக்கிறதா? அழிக்காதீர்கள், போட்டோ எடுங்கள். வியாபாரி அதற்குக் காசு தரமாட்டார். ஆனால் ஒரு குடும்பத்துக்கு வேறெங்கும் கிடைக்காத பதிவேடு அது. நாயுடுபுரத்து அம்மாவின் ஆப்செட் படத்தின் பின்னால் ஐந்து பிள்ளைகளின் பெயரும் தேதியும் வரிசையாக இருந்தன. அவற்றில் இரண்டுக்கு எதிரே சிலுவைக் குறி. நான் மதிப்பீட்டுத் தாளில் விலையை எழுதும் முன் அந்த ஐந்து வரியைத்தான் முதலில் படியெடுத்தேன்.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படம்

மலையில் இது தனிப் பிரச்சினை. மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துபோகும். கண்ணாடியின் உட்புறம் வேர்த்து, மையோ வார்னிஷோ இளகி, காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். முன்பக்கமிருந்து பார்த்தால் அந்த இடம் மட்டும் நனைந்தது போல அடர்த்தியாகத் தெரியும்.

இருபது வயதில் நான் அப்பா இல்லாத நேரத்தில் அந்தோணியார் படம் ஒன்றை இழுத்துப் பிரித்தேன். காகிதம் வந்தது, முகம் வரவில்லை. அந்தோணியாரின் கண்ணும் நெற்றியும் கண்ணாடியில் நின்றுவிட்டன, காகிதத்தில் வெள்ளையாக ஒரு ஓட்டை. படத்துக்குரிய பாட்டி ஒன்றும் திட்டவில்லை. கண்ணாடியையும் காகிதத்தையும் சேர்த்து முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஒட்டிய படத்தை நான் பிரிப்பதில்லை. கண்ணாடியோடு அப்படியே விட்டு, காகிதப் பாதுகாப்பு படித்தவரிடம் அனுப்புகிறேன். பெங்களூரில், கலை பண்பாட்டு மரபைக் காக்கும் இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு மையம் இருக்கிறது. ஆவி காட்டுவது, பிளேடு விடுவது, ஹேர் டிரையர் பிடிப்பது எல்லாமே நட்டத்தில் முடியும்.

நிலை

பழுப்புப் புள்ளி, பூசணம், ராமபாணப் பூச்சி அரித்த ஓரம், ஒழுகிய கூரையின் தண்ணீர்க் கோடு, மெழுகுவர்த்திப் புகை, செலோ டேப்பின் மஞ்சள் தழும்பு என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். நிறம் மங்கியதையும் கவனியுங்கள். ஜன்னலுக்கு எதிரே தொங்கிய நாலு கலர்ப் படத்தில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய், இயேசுவின் சிவப்பு மேலாடைகூட நீலம் பாரித்துவிடும். போன நிறம் திரும்பாது.

மதிப்பை மிகவும் குறைப்பவை இரண்டு: சட்டத்துக்குள் நுழைய ஓரத்தை வெட்டியது, பின்னால் மைதாப் பசை தடவி அட்டையில் ஒட்டியது. வெட்டும்போது அச்சகத்தின் பெயரும் போய்விடுகிறது. சின்னக் கிழிசல் அவ்வளவு பெரிய குறையல்ல.

விலை

ஆப்செட் படமாக இருந்தால் சந்தை மதிப்பு மிகக் குறைவு, பெரும்பாலும் சட்டத்தின் விலைதான். இதைக் கேட்டு மனம் வாடுபவர்கள் நிறைய. ஆனால் பொய்யான நம்பிக்கை கொடுத்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்லச்சு என்றாலும் எல்லாம் உசத்தியல்ல. இவை ஆயிரக்கணக்கில் அச்சாகி உலகம் முழுக்கப் போனவை. ஓரம் வெட்டாத பெரிய அளவு, அச்சகப் பெயர், மங்காத நிறம், அதிகம் காணாத பக்தி ஆகிய நான்கும் சேர்ந்தால் விலை ஏறும். சலேத் மாதா கல்லச்சு திருஇருதயத்தைவிட அரிது. இயேசுவின் திருஇருதயமும் மரியாயின் மாசற்ற இருதயமும் ஜோடியாக, ஒரே அச்சகம், ஒரே சட்டத்தில் இருந்தால் பிரிக்காதீர்கள். பாகப்பிரிவினையில் ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், இரண்டின் மதிப்பும் விழுந்துவிடுகிறது. பழைய தமிழ் எழுத்தோடு கூடிய கல்லச்சு கிடைத்தால் அதை விற்கும் முன் யாராவது அச்சு வரலாறு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இணையத்தில் தேடும்போது கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அதே அளவு, அதே முறை, அதே நிலையில் குறைந்தது மூன்று விற்பனை கிடைத்தால்தான் ஒரு எண்ணைச் சொல்லலாம். வாங்கும் வியாபாரி அதில் பாதிகூடத் தராமல் போகலாம். அவருக்கு வாடகை உண்டு, பல மாதம் விற்காமல் கிடக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே மதிப்பீட்டில் இரண்டு எண் எழுதுங்கள்: இன்று கையில் என்ன கிடைக்கும், இதே போல இன்னொன்று வாங்க என்ன ஆகும்.

சுற்றுலாக் கடைகளில் பழசாக்கிய புதுப் படங்களும் வந்துவிட்டன. டீத் தண்ணீரில் நனைத்த காகிதம் இருபக்கமும் ஒரே மாதிரி பழுத்திருக்கும். இயற்கையாகப் பழுத்தது ஓரத்தில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி, பலகை பட்ட இடத்தில் வேறு மாதிரி இருக்கும். மரத்துக்குக் கறுப்பு பாலிஷ் அடித்திருப்பார்கள், காடிக்குள் வெள்ளை மரம் எட்டிப் பார்க்கும்.

விற்பதற்கு முன் இரண்டு விஷயம்

சில பிரெஞ்சுச் சட்டங்களில் படத்தோடு சிறு வட்டப் பேழையில் புனிதரின் எலும்புத் துணுக்கோ துணித் துணுக்கோ, சிவப்பு அரக்கு முத்திரையோடு இருக்கும். அது அருளிக்கம். அருளிக்கத்தை விற்கவே கூடாது என்று திருச்சபைச் சட்டம் 1190-ஆம் விதியில் கண்டிப்பாகச் சொல்கிறது. பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எஸ்டேட் சிற்றாலயத்திலிருந்தோ கோவில் பொருளறையிலிருந்தோ வந்த படம் என்றாலும் அவரைக் கேட்காமல் கைமாற்ற வேண்டாம்.

நூறு வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் தடை செய்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்குப் பார்சல் போடும் முன் இந்தியத் தொல்லியல் துறையைக் கேளுங்கள்.

தாளில் எழுதுவது, திரும்ப மாட்டுவது

மதிப்பீடு ஒரு பக்கம் போதும். யார் படம், எந்த அச்சு முறை, படத்தின் அளவு தனி, காகிதத்தின் அளவு தனி, எழுத்துகள் உள்ளது உள்ளபடி, நிலை, சட்டம், குடும்பத்தார் சொன்ன கதை, இரண்டு விலை, பார்த்த தேதி. வயதை ஒரே வருஷமாக எழுதாமல் "1925-க்குப் பின், 1957-க்கு முன்" என்று வேலியாக எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்து வேலிக்கும் எது ஆதாரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குடும்பத்தார் சொன்னதை "சொன்னார்கள்" என்றே எழுத வேண்டும், நீங்கள் கண்டதோடு கலக்கக் கூடாது.

திரும்ப மாட்டும்போது காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஆசிட் ஃப்ரீ மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடுங்கள். சாரல் அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம், உள்சுவர் வேண்டும். கணப்புக்கு மேலே வேண்டாம், புகையும் சூடும் மேலேதான் போகும். சட்டத்தின் கீழ் மூலை இரண்டிலும் பின்னால் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் காற்று ஓடும். சிவப்பு பல்பு வைத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குச் சூடேறாத எல்.ஈ.டி. போட்டுத் தருகிறேன், படத்திலிருந்து ஒரு சாண் தள்ளி.